கோகிலாவுக்குக் குழந்தை இல்லையாம்

என்னோடு நகைச்சுவை எழுத ஆரம்பித்தவர்கள் எல்லாரும் இப்போது பயணக் கட்டுரைக்காக நார்வே, ஜார்ஜியா என்று போய்வருகிறார்கள். எனக்கு வாய்த்தது பெரம்பலூர். விசா வேண்டாம் என்பதைத் தவிர மற்ற ஏற்பாடெல்லாம் ஒன்றுதான். போகிற இடத்தில் தெரிந்தவர் யாரும் கிடையாது, வெயிலைச் சொல்லி எல்லாரும் பயமுறுத்தினார்கள், மனைவி பெட்டியில் இருமல் மருந்து வைத்தாள்.

சென்னைக்காரனுக்குப் பெரம்பலூர் ஓர் ஊரே இல்லை. திருச்சிக்குப் போகிற வழியில் தூக்கத்தில் கடந்துபோகிற ஒரு வெளிச்சம். இறங்கித் தங்கப்போகிறேன் என்றதும் பக்கத்து வீட்டுக்காரர், "அங்க என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.

அழைத்தவர் டாக்டர் ஜெசிந்தா. குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளுக்கான மருத்துவர். வரதராசன்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, அங்கேயே நல்ல வேலையில் இருந்தவர். எதற்காகத் திரும்பி வந்தாளோ என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றி அனுப்புகிற குழந்தைகள் அதன் பிறகு என்ன ஆகின்றன? பார்க்கின்றனவா, கேட்கின்றனவா, கழுத்து நிற்கிறதா, பேச்சு வருகிறதா? பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் வீடு வீடாகப் போய் இதைப் பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அந்தத் தாய்மார்களுக்கு எளிய தமிழில் ஒரு கையேட்டை நான் எழுதித் தர வேண்டும். ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதன் பெயர் 'குறைப்பிரசவச் சிசுக்களின் நரம்பியல்சார் வளர்ச்சிப் படிநிலைகள்'. தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிடும்.

"நீங்க எழுதறது எங்க நர்ஸுங்களுக்குப் புரியுதாம் சார்" என்றார் டாக்டர் தொலைபேசியில்.

"ரொம்ப சந்தோஷம்."

"சிரிப்புதான் வரலைன்னாங்க. அது பரவால்ல, நமக்குப் புரிஞ்சா போதும்."

இவ்வளவு பாராட்டிய பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

முதல் நாள் காலை பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு டாக்டரே கார் ஓட்டிக்கொண்டு வந்தார். பழைய கார். அவரைப் போலவே அதுவும் ஓய்வைப் பற்றி யோசிக்காத ரகம். பின்சீட்டில் ஒரு மணி, சிவப்புக் கம்பளி நூல் பந்து, மரக்கட்டைகள், குழந்தையை நிறுக்கிற தராசு, குழந்தைகளின் கண்ணுக்குள் படமெடுக்கிற கேமரா. அவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் என் பெட்டியைத் திணித்தோம். டாக்டர் வண்டி ஓட்டும்போது பேசுவார். பேசும்போது நம் முகத்தைப் பார்ப்பார். செட்டிகுளம் போய்ச் சேருவதற்குள் நான் மலைமேல் இருக்கிற முருகனுக்கு இரண்டு வேண்டுதல் வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் முழுக்கச் சின்ன வெங்காயம். அறுவடை செய்ததை வயலோரத்தில் மூங்கிலும் ஓலையும் வைத்துப் பட்டறை போட்டுக் காற்றாடச் சேமித்திருந்தார்கள். சென்னையில் இதைத் தராசில் போடும்போது கடைக்காரர் நகைக்கடைக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். இங்கே அதன்மேல் கோழி நடந்துபோகிறது.

முதல் வீட்டில் ஒரு பையன். டாக்டர் தரையில் உட்கார்ந்து மணியை அடித்தார், அவன் திரும்பினான். கட்டையைக் கொடுத்தார், அதை வாங்கி என்மேல் எறிந்தான். "அருமை" என்று டாக்டர் குறித்துக்கொண்டார். அவனுடைய அம்மாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"எதிர் வூட்டுப் புள்ளையும் இவனும் ஒரே மாசம் மேடம். அது ஓடுது. இவன் இன்னும் செவுத்தப் புடிச்சிகிட்டு நிக்கிறான். எல்லாரும் கேக்கறாங்க."

"அவன் எப்பப் பொறந்திருக்கணும்னு பாருங்க. அவசரப்பட்டு முன்னாடியே வந்துட்டான். வந்த நாள்லேருந்து எண்ணாதீங்க, வரவேண்டிய நாள்லேருந்து எண்ணுங்க. அப்படி எண்ணினா இவன் சரியாத்தான் இருக்கான்."

கையேட்டின் முதல் பக்கம் எனக்குக் கிடைத்துவிட்டது. திருத்திய வயது என்று இதற்குப் பெயராம். எனக்கும் இப்படித் திருத்த முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன்.

"நீங்க எத்தனாவது மாசம்?"

"நிறைமாசம். தூக்க முடியாத கனம்னு அம்மா சொல்வாங்க."

"அப்ப ஒண்ணும் செய்ய முடியாது சார்."

அன்று இரண்டாவதாகப் போன வீட்டைப் பற்றி வேடிக்கையாக எழுத எதுவும் இல்லை. அங்கே குழந்தை இறந்துபோயிருந்தது. வீட்டுக்குப் போன பிறகு வந்த காய்ச்சல். மற்ற ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட பெயரை ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார்களாம். டாக்டர் ஜெசிந்தா போவார். அந்தத் தாய் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ச்சல் எப்போது வந்தது, யாரிடம் காட்டினீர்கள், பஸ் கிடைத்ததா என்று ஒவ்வொன்றாக மெதுவாகக் கேட்டார். அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். இதுவரை யாரும் அவளிடம் முழுசாகக் கேட்கவில்லை போலிருந்தது. கிளம்பும்போது, "மறக்காம வந்தீங்களே" என்று டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனதுங்களைப் பத்திக் கேட்டாத்தான் இருக்கறதுங்களைக் காப்பாத்த வழி தெரியும்" என்றார் டாக்டர், காரில் ஏறியதும். அதற்கு மேல் பெரம்பலூர் வரை பேசவில்லை. முதல்முறையாகச் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

இரவுச் சாப்பாடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில். சாம்பாரில் முழுச் சின்ன வெங்காயங்கள் தோலுரித்து மிதந்தன. எண்ணாமல் போட்டிருந்தார்கள். என் வீட்டுச் சாம்பாரில் வெங்காயத்தைத் தேட வேண்டும். இங்கே சாம்பாரைத் தேட வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். "வெறும் சோத்துல குழி வெட்டுங்க சார், கரை ஒடையாம" என்றார் பரிமாறியவர். என் விவசாய அனுபவம் அந்தக் குழியோடு தொடங்கி முடிந்தது.

மறுநாள் அரியலூர் வழியாக உடையார்பாளையம். அரியலூர் சாலையில் எங்கள் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள். பூமிக்கு அடியில் கல்லாகிக் கிடக்கிற பழைய கடலையே பெயர்த்துச் சிமென்ட் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தக் கடலின் பெரும்பகுதி என் தலையில் படிந்தது. ஊருக்குள் நுழையும் முன் டயர் பஞ்சர். உதவி செய்கிறேன் என்று நான் ஜாக்கியை எடுத்துத் தலைகீழாக வைத்தேன். லாரியை நிறுத்தி இறங்கி வந்த ஓட்டுநர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சார், நீங்க அந்த நெழல்ல நில்லுங்க. அதான் பெரிய ஒத்தாசை" என்றார். நின்றேன். அவரும் டாக்டரும் சேர்ந்து டயரை மாற்றினார்கள்.

மறுபடி கிளம்பியதும் டாக்டர் சொன்னார். "இப்பப் போறதும் நேத்து ரெண்டாவது போன மாதிரி வீடுதான்."

அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் கோகிலா. கணவன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையளவுதான் இருந்தது. டாக்டரே பக்கத்தில் இருந்து பல வாரம் கவனித்து, பால் குடிக்கப் பழக்கி, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அனுப்பும்போது கண் பரிசோதனைக்குத் திரும்ப வரச் சொல்லியிருந்தார்கள். வரவில்லை. ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து வாராவாரம் எல்லாத் தாய்மார்களுக்கும் போன் செய்து விசாரிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். அவள் கூப்பிட்டபோது கோகிலா, "எனக்குக் குழந்தை இல்லீங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

"அந்தப் பொண்ணு அன்னிக்கு மத்தியானம் சாப்பிடலை" என்றார் டாக்டர். "நானும்தான்."

கோகிலாவின் வீடு முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைத் துக்கத்துக்குத் தயார்செய்துகொண்டேன். கோகிலா வெளியே வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும்.

"ஐய, டாக்டர் மேடம்! வாங்க வாங்க. மோர் குடிக்கிறீங்களா?"

பாவம், துக்கத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன். டாக்டர் அவள் தோளில் கைவைத்து உட்காரவைத்தார்.

"எப்பம்மா ஆச்சு?"

"என்னாது மேடம்?"

"பாப்பா."

"எனக்குத்தான் பாப்பா இல்லீங்களே" என்றாள் கோகிலா, மோர்க் குவளையை எடுத்துக்கொண்டே.

அந்த நொடியில் வீட்டுக்குள் இருந்து ஒரு குழந்தை அழுதது.

நான் கூரையைப் பார்த்தேன். டாக்டர் கதவைப் பார்த்தார். கோகிலா முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். அதற்குள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

"அது யாரு கோகிலா?"

"அது ராசாத்தியக்கா வூட்டுப் புள்ளைங்க."

டாக்டர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உள்ளே போனவர் சேலைத் தூளியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். "இந்த மடங்கின காதை எனக்குத் தெரியாதா? என் பொண்ணுடா நீ" என்றார். அவருக்குக் கண்ணில் தண்ணீர். துக்கத்துக்கு வைத்திருந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நான் மோரை எடுத்துக் குடித்தேன்.

"யாரு அது எம்புள்ளைய தூக்குறது?"

குரல் தோப்புப் பக்கமிருந்து வந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்திலிருந்து ராசாத்தி வந்துகொண்டிருந்தாள். கொட்டையின் எண்ணெய் ஏறி விரலெல்லாம் கறுப்பு. டாக்டரை அடையாளம் தெரிந்ததும் குரல் பாதி இறங்கியது.

"ஆஸ்பத்திரி மேடமா? தூக்குங்க தூக்குங்க. ஆனா கேட்டுட்டுத் தூக்கணும். நான் வாங்குன புள்ளையாக்கும்."

"வாங்கினதா?"

"ஒரு மொறம் தவுடு குடுத்து வாங்கியிருக்கேன் மேடம். தெருவே பார்த்துச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோகிலாவுக்கு இதற்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்திருக்கின்றன. இரண்டும் மாதம் நிறையாமல் வந்து நிலைக்காமல் போய்விட்டன. மூன்றாவது, ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வீட்டுக்கு வந்தது. பெற்றவளின் துரதிர்ஷ்டம் இதையும் தொடக்கூடாது என்று, வந்த அன்றே அதைத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியது பிள்ளைகள் நன்றாகத் தழைத்த வீடு. ராசாத்திக்கு மூன்று பையன்கள். "மூணும் தடிமாடு. காய்ச்சல்கூட பயந்துகிட்டு வராது" என்று அவளே சொன்னாள். கோகிலா பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், தூங்கவைப்பாள். ஆனால் முடியிறக்கும் வரைக்கும் 'என் பிள்ளை' என்று வாயால் சொல்லக்கூடாது. பெயர்கூட வைக்கவில்லை. யார் கேட்டாலும் அக்கா வீட்டுப் பிள்ளைதான்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணி, 'உங்க குழந்தை எப்படி இருக்கு'ன்னுச்சுங்க" என்றாள் கோகிலா. "எனக்கு இல்லீங்கன்னேன். வேற என்னா சொல்றது? உடனே அதுக்குக் கொரலே போயிடுச்சு. 'சாரிக்கா, சாரிக்கா'ன்னு வச்சிடுச்சு. எதுக்குச் சாரின்னு எனக்குப் புரியலை. அப்புறம் அது கூப்புடவே இல்லை."

டாக்டர் சத்தமாகச் சிரித்தார். ராசாத்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரலை மடக்கி ஏதோ எண்ணிய டாக்டர் சட்டென்று நிறுத்தினார்.

"கண் டெஸ்டு எங்கேயும் காட்டலை இல்ல?"

"அதுக்கும் 'கோகிலா குழந்தை'ன்னுதானே மேடம் சீட்டுல எழுதியிருந்துச்சு" என்றாள் கோகிலா, குரல் இறங்கி.

மாதம் நிறையாமல் பிறக்கிற குழந்தைக்குக் கண்ணின் உள்திரையில் ரத்தக் குழாய்கள் முழுசாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகுதான் வளர வேண்டும். சில குழந்தைகளுக்கு அது தாறுமாறாக வளர்ந்து திரையையே பிய்த்துவிடும். அதைப் பிடிக்கக் கொஞ்ச காலம்தான் கிடைக்கும். தவறவிட்டால் பிறகு எந்த ஊர் வைத்தியத்தாலும் பார்வை திரும்பாது. டாக்டர் இதை அவர்களுக்கு வேறு மாதிரி சொன்னார்.

"வாய்க்கால் கடைமடை வரைக்கும் வெட்டி முடிக்கலைன்னு வை கோகிலா. மேலேருந்து தண்ணியைத் திறந்து விட்டா என்ன ஆகும்?"

"நடுவுலயே கரையை ஒடைச்சிகிட்டுப் போவும்."

"அதேதான். பாப்பா கண்ணுல அப்படி ஒடையறதுக்கு முன்னாடி பார்த்து அடைக்கணும்."

குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியக் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ராசாத்தி எனக்கு முந்திரிப் பழம் பறித்துக்கொண்டு வந்தாள். சென்னையில் முந்திரிக்குப் பழம் உண்டு என்பதையே யாரும் நம்பமாட்டார்கள். இனிப்பாக இருந்ததால் மூன்று தின்றேன். சட்டையில் சாறு வழிந்தது, அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. தொண்டையில் யாரோ சாக்கு வைத்துத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. "உப்புத் தொட்டுத் தின்னணும் சார். கேட்டாத்தானே?" என்றாள் ராசாத்தி.

டாக்டர் கேமராவில் எடுத்த படங்களைத் திருச்சியில் இருக்கிற கண் டாக்டருக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் பேசுகிற அளவுக்குத்தான் சிக்னல், படம் போகாது. அந்த ஊரில் முழுச் சிக்னல் ஏரிக்கரைமேல்தான் குடியிருக்கிறது. எனக்கு வேறு வேலை இல்லாததால் செல்போனோடு என்னைக் கரைமேல் ஏற்றினார்கள். படங்கள் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. கொஞ்ச நேரத்தில் கண் டாக்டரே கூப்பிட்டார். முந்திரிப்பழத் தொண்டையோடு, "ஹலோ" என்றேன். "யாருங்க, பாட்டியா?" என்றார். பிறகு சொன்னது வேடிக்கை இல்லை. இரண்டு கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. லேசர் வைக்க வேண்டும். நாளைக் காலை கொண்டுவரச் சொல்லுங்கள், தள்ளிப்போடவே வேண்டாம்.

கரையிலிருந்து இறங்கி ஓடினேன். நான் கடைசியாக ஓடியது எப்போது என்று என் முழங்கால்கள் அன்றிரவு விசாரித்தன.

"போவோம்" என்றாள் ராசாத்தி உடனே. "எம்புள்ளை, நான் தூக்கிகிட்டு வரேன்."

"நீங்க வரலாம்" என்றார் டாக்டர். "ஆனா அங்க பெத்த அம்மாதான் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போடணும். வேற யாரும் போட முடியாது."

கோகிலாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் சொல்லமாட்டேன் மேடம்."

முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே அவளே தொடர்ந்தாள்.

"அந்த ரெண்டையும் எம்புள்ளை எம்புள்ளைன்னு தெருவெல்லாம் காட்டுனேன். இதையும் வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கச் சொல்றீங்களா?"

இந்த இடத்தில் நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். மனிதன் காலங்காலமாக அச்சத்தை எப்படிச் சடங்காக மாற்றியிருக்கிறான், அறிவியல் அதை எப்படி மெல்ல விடுவித்தது என்று நான் படித்த புத்தகங்களையெல்லாம் திரட்டிப் பேச ஆரம்பித்தேன். நன்றாகத்தான் பேசினேன். ராசாத்தி டாக்டர் பக்கம் திரும்பி, "இந்த சார் யாரு, கம்பவுண்டரா?" என்றாள்.

"இல்லம்மா. எழுதறவர்."

"அப்ப எழுதட்டும்."

நான் நிறுத்திக்கொண்டேன். டாக்டர் வற்புறுத்தவில்லை. "நாளைக்குக் காலையில வண்டி வாசல்ல நிக்கும். வந்து பாரு. வந்த பிறகு சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். கோகிலாவின் கணவன் லாரியிலிருந்து போனில் பேசினான். "ராசாத்தியக்கா என்னா சொல்லுதோ அதான் மேடம்" என்றான். அந்தத் தெருவில் உயர்நீதிமன்றம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் காரில் ஐந்து பேர். டாக்டர், நான், பின்சீட்டில் தராசையும் கட்டைகளையும் ஒதுக்கிவிட்டு கோகிலா, ராசாத்தி, ராசாத்தியின் மடியில் குழந்தை. பெரம்பலூர் வந்து திருச்சிச் சாலையைப் பிடித்தோம். பாடாலூரில் காரின் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. இறங்கினோம். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றுகொண்டிருந்தார்.

சாலையோர டீக்கடைக்காரர் குடத்தோடு ஓடி வந்தார். "சூட்டோட மூடியத் தொறக்காதீங்க, மூஞ்சியில அடிக்கும்" என்று சாக்கை நனைத்து மேலே போட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் குழந்தைமேல் வெயில் படாமல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். யார், எதற்கு, எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும், "யாரு புள்ளைம்மா?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"என்னுது" என்றாள் ராசாத்தி.

"அம்மா ஜாடை அப்படியே இருக்கு" என்றார் அவர். ராசாத்தி பெருமையாகக் கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒருவழியாகக் கார் சமாதானமானது. டீக்கும் தண்ணீருக்கும் கடைக்காரர் கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. பச்சை உடுப்புப் போட்ட நர்ஸ் கதவைத் திறந்து, "கோகிலா குழந்தை! அம்மா யாரு?" என்றார்.

ராசாத்தி கோகிலாவைப் பார்த்தாள்.

"அம்மா யாருங்க? டாக்டர் உள்ள காத்துகிட்டிருக்கார்."

கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் டாக்டர் ஜெசிந்தாவைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்களேன் என்பது போல. அவர் அசையவில்லை. "அவங்க சொல்லட்டும்" என்றார். அவருடைய கை மட்டும் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தது.

ராசாத்தி பெருமூச்சு விட்டாள். "ஏ புள்ளை, இங்க பாரு. நான் வாங்குனது எங்க? நம்ம தெருவுல. அங்கதான் அது எம்புள்ளை. இந்த ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள என் தவுடு செல்லாது. இதுக்குள்ள இருக்கற வரைக்கும் உன் புள்ளை. கேட்டைத் தாண்டுனா மறுபடி என் புள்ளை. யாரு கேட்டாலும் நான் பார்த்துக்கறேன். போ, சொல்லு."

கோகிலா நிமிர்ந்தாள். "அப்படி உண்டாக்கா?"

"வாங்குனவ சொல்றேன்ல?"

குழந்தை கைமாறியது. கோகிலா அதை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகே போனாள்.

"நாந்தாங்க அம்மா" என்றாள். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நர்ஸ், "என்னது?" என்றார்.

"நாந்தான். எம்புள்ளைதான்." இந்த முறை வராந்தா முழுக்கக் கேட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு நர்ஸ் குழந்தையை உள்ளே தூக்கிப்போனார், கதவு மூடியது. காத்திருக்கிற பெஞ்சு எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே தச்சர் செய்கிறார் போலும். முதுகுக்கு இடமே கிடையாது. கோகிலா டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டேனே மேடம். ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஒன்றும் ஆகாதம்மா என்று நான் சொல்லியிருப்பேன். எழுதுகிறவனுக்கு அது சுலபம். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் சரியாயிடும்னு சொல்ல எனக்குத் தெரியாது கோகிலா. இந்த மாதிரி புள்ளைங்களுக்கு இன்னும் நெறைய பார்க்கணும். காது பார்க்கணும், நடை பார்க்கணும். ஆனா நான் வருவேன். அது நடக்கற வரைக்கும், பேசற வரைக்கும் வந்துகிட்டே இருப்பேன். அதைச் சொல்லலாம்."

கோகிலா தலையாட்டினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் போதுமாக இருந்தது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இனி நான் இதைத்தான் சொல்வேன்.

கண் டாக்டர் வெளியே வரும்போது முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தார். "நேரத்துக்கு வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என் கையில இல்லை. இப்ப பயமில்லை. அடுத்த வாரம் கட்டாயம் காட்டணும்" என்றார். கோகிலா அழுதாள். டாக்டர் ஜெசிந்தா எழுந்து வராந்தாவின் கடைசிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ராசாத்தி என்னிடம், "சார், டீ எங்க கெடைக்கும்?" என்றாள். இந்தப் பயணத்தில் என்னால் முடிந்த முதல் உதவியாக நான்கு டீ வாங்கிவந்தேன். அதில் ஒன்றைக் கொட்டினேன்.

அன்று மாலை டாக்டர் ஆபீஸுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மறுமுனையில் அந்தப் போன் பெண் விசும்பியதும், சிரித்ததும், மறுபடி விசும்பியதும் கேட்டன. டாக்டர் காத்திருந்து பிறகு சொன்னார்.

"இனிமே 'உங்க குழந்தை எப்படி இருக்கு'ன்னு கேக்காதடா. 'வூட்டுல சின்னப் புள்ளை இருக்கா, கண்ணு காட்டியாச்சா'ன்னு கேளு. யாரு புள்ளைங்கறது நமக்கு வேண்டாம். அப்புறம், இல்லைன்னு சொன்னாங்கன்னு நீ கோடு போட்டு வச்சிருக்க பாரு, அவங்களையெல்லாம் நாளைக்கு மறுபடி கூப்பிடு. எடுக்கலைன்னா நான் போறேன்."

குழந்தையை ஓர் இரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். நான் வெளியே ஒரு லாட்ஜில் படுத்துக்கொண்டு, யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். அரியலூர் லாரிக்காரர், பாடாலூர் டீக்கடைக்காரர், துண்டு பிடித்த இரண்டு பேர், ஏரிக்கரை சிக்னல். இவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்காம் நாள் காலை, குழந்தையைக் கொண்டுபோகலாம் என்றார்கள். கண்ணிமை வீங்கியிருந்தது. அதையும் மீறிக் கொட்டாவி விட்டது. கோகிலா அதைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, மருந்தெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு, மாடிப்படி இறங்கி, முற்றத்தைக் கடந்து நடந்தாள். வழியில் வந்த நர்ஸ், வாட்ச்மேன், தெரியாத ஓர் அம்மாள் என்று எல்லாரிடமும், "எம்பொண்ணுங்க, கண்ணுக்கு வந்தோம்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தாள். கேட் நெருங்க நெருங்க அவளுடைய நடை குறைந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று குழந்தையின் நெற்றியை ஒருமுறை முகர்ந்தாள்.

ராசாத்தி ஏற்கெனவே அந்தப் பக்கம் போய் நின்றிருந்தாள். கறுப்பு விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். கோகிலா கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பின்னால் வந்தாள்.

எல்லாரும் காரில் ஏறினோம். டாக்டர் சாவியைத் திருகுவதற்குள் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. பசி. ராசாத்தி தோளில் போட்டுத் தட்டினாள், ஆட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பக்கத்து வீட்டில் காப்பித்தூள் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏ கோகிலா, எம்புள்ளைக்குக் கொஞ்சம் பால் குடேன்."

"நீ கேட்டு நான் இல்லேன்னு சொல்லுவேனாக்கா?" என்று கோகிலா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் வண்டியை எடுக்கவில்லை. அழுகை நிற்கும்வரை நாங்கள் இருவரும் முன்கண்ணாடி வழியாகத் திருச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.